டிம் ஆகும் எல்இடி டிரைவர்: மங்கலான முனையிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

எல்இடிக்கு வேண்டிய கரண்டைக் கொடுக்கும் சுற்றான டிரைவரைச் சொந்தமாக வடிவமைக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முழு வெளிச்சத்துக்குத்தான் கணக்கு போடுகிறார்கள். இத்தனை வாட், இத்தனை கரண்ட், அதற்கு ஒரு ஐசி, ஒரு இண்டக்டர் (கம்பிச்சுருள்) என்று வாங்கி, போர்டும் போட்டு, விளக்கு பளிச்சென்று எரிந்த பிறகு, சரி, இனி டிம்மிங் சேர்க்கலாம் என்று வருகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. 10 சதவீதத்துக்குக் கீழே இறக்கினால் விளக்கு நடுங்கும், அல்லது சீராக இறங்காமல் சட்டென்று அணையும், அல்லது போர்டிலிருந்து மெல்லிய ரீங்காரம் கேட்கும். இதையெல்லாம் தீர்மானிக்கிற இண்டக்டரும் ஸ்விட்சிங் வேகமும் (டிரைவரின் ஸ்விட்ச் வினாடிக்கு எத்தனை முறை ஆன்-ஆஃப் ஆகிறது என்பது) ஏற்கெனவே போர்டில் ஏறி உட்கார்ந்துவிட்டதால், அப்புறம் சரிசெய்வது பெரிய தலைவலி. அதனால் நான் அழுத்திச் சொல்வது இதுதான்: விளக்கு எவ்வளவு மங்கலாக எரியவேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். மற்ற எண்கள் அதிலிருந்து வரட்டும்.

ஒரு எச்சரிக்கை. புதிதாகத் தொடங்குபவர்கள் நேரடியாக ஏசி லைனில் கை வைக்கவேண்டாம். 230 வோல்ட் ஏசியை ரெக்டிஃபை செய்தால் கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி நிற்கும், 120 வோல்ட் என்றாலும் 170 வோல்ட் நிற்கும்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது அங்கேயே இருக்கும். பாதுகாப்புச் சான்று பெற்ற 24 வோல்ட் அடாப்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் வரும் டிரைவரை மட்டும் வடிவமைப்போம். கற்றுக்கொள்ள வேண்டியதில் பெரும்பகுதி அங்கேயே இருக்கிறது.

எல்இடிக்கு ஏன் கரண்டைப் பிடித்துவைக்க வேண்டும்

வெள்ளை எல்இடி ஒன்று 3 வோல்ட்டில் எரியும் என்று பேச்சுக்குச் சொல்வோம். ஆனால் அந்த 3 நிலையான எண் கிடையாது. வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டினாலே கரண்ட் எகிறிவிடும். எல்இடி சூடாகச் சூடாக, அதே கரண்டுக்குத் தேவைப்படும் வோல்டேஜ் ஒரு டிகிரிக்குச் சில மில்லிவோல்ட் வீதம் குறையும். ஆக, நிலையான வோல்டேஜில் அப்படியே கட்டினால் எல்இடி சூடாகும், கரண்ட் ஏறும், அதனால் இன்னும் சூடாகும்; கட்டுப்படுத்த எதுவும் இல்லையென்றால் கடைசியில் கருகும். டிரைவர் செய்யவேண்டியது கரண்டைப் பிடித்துவைப்பது. வோல்டேஜ் எவ்வளவு என்பதை எல்இடி பார்த்துக்கொள்ளும்.

ரெசிஸ்டர் போட்டாலும் கரண்ட் கட்டுப்படும்தான். 12 வோல்ட் ஸ்ட்ரிப்களில் மூன்று எல்இடியும் ஒரு ரெசிஸ்டரும் தொடராக இருக்கும்: எல்இடிகளுக்கு 9 வோல்ட், ரெசிஸ்டருக்கு 3 வோல்ட். அதாவது கால்வாசி மின்சாரம் ரெசிஸ்டரைச் சூடாக்கவே போகிறது. சின்ன ஸ்ட்ரிப்புக்கு அது பரவாயில்லை. நாம் செய்யப்போகும் 12 வாட் அளவுக்கு வந்தால் அந்தச் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதே தனிப் பிரச்சினையாகிவிடும்.

1. காகிதத்தில் நான்கு எண்கள்

ஐசி தேடுவதற்கு முன்னால் உள்ளே வரும் வோல்டேஜ், எல்இடி வரிசையின் வோல்டேஜ், முழுக் கரண்ட், மிகக் குறைந்த வெளிச்சம் ஆகிய நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொள்வது: 24 வோல்ட் அடாப்டர், தொடராக ஆறு வெள்ளை எல்இடி, 700 மில்லிஆம்பியர், கடைசியாக 1 சதவீத வெளிச்சம்.

ஆறு எல்இடி என்றால் 18 வோல்ட், 12.6 வாட். குளிர்ந்த நிலையில் ஒவ்வொன்றும் 3.3 வோல்ட் கேட்டால் மொத்தம் 19.8 வோல்ட் ஆகும், அடாப்டரும் 5 சதவீதம் குறைந்து 22.8 வோல்ட் கொடுக்கலாம். அந்த மோசமான நேரத்திலும் எல்இடிக்கு மேலே 3 வோல்ட் மிச்சம் இருப்பதால் வோல்டேஜை இறக்கித் தரும் பக் கன்வெர்ட்டர் போதும். எல்இடி வரிசையின் வோல்டேஜ் உள்ளே வருவதைவிட அதிகம் என்றால் பூஸ்ட் வேண்டும், சில நேரம் மேலே சில நேரம் கீழே என்றால் பக்-பூஸ்ட். முடிந்தவரை பக் பக்கமே நில்லுங்கள். டிம்மிங்குக்கு அதுதான் இணக்கமானது, எல்இடி கம்பி அறுந்தாலும் வெளியே வோல்டேஜ் 24-ஐத் தாண்டாது. பூஸ்ட் டிரைவரில் ஓவர்வோல்டேஜ் பாதுகாப்பு இல்லாமல் கம்பி அறுந்தால், ஏதாவது வெடிக்கும்வரை வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகும்.

1 சதவீதம் ஏன்? நம் கண் ஒளியை நேர்கோட்டில் அளப்பதில்லை. ஒளிக்கான சர்வதேச அமைப்பான சிஐஇ வகுத்த வெளிர்மை அளவின்படி, கருவியில் 18 சதவீதமாக இருக்கும் ஒளி கண்ணுக்குப் பாதி வெளிச்சமாகத் தெரியும். 10 சதவீத ஒளி 38 சதவீதம்போலத் தெரியும். இருட்டான அறையில் 10 சதவீதத்தோடு நின்றுவிடும் விளக்கை யாரும் டிம் ஆகிவிட்டது என்று சொல்லமாட்டார்கள். 1 சதவீதம் 9 சதவீதமாகத் தெரியும், இரவு விளக்குக்கு அது சரியான இடம்.

2. இண்டக்டர், இங்கேதான் நிதானம் வேண்டும்

பக் கன்வெர்ட்டரின் டியூட்டி (ஒவ்வொரு சுற்றிலும் ஸ்விட்ச் ஆனில் இருக்கும் பங்கு) என்பது வெளி வோல்டேஜை உள் வோல்டேஜால் வகுத்தால் வருவது: 18-ஐ 24-ஆல் வகுத்தால் 0.75. ஸ்விட்சிங் வேகம் 400 கிலோஹெர்ட்ஸ் என்று வைப்போம். இண்டக்டரில் கரண்ட் ஏறி இறங்கும் அந்த ரிப்பிளை முழுக் கரண்டில் 30 சதவீதம், அதாவது 0.21 ஆம்பியர் என்று தொடங்குவது வழக்கம். 24-லிருந்து 18 போக 6, அதை 0.75-ஆல் பெருக்கினால் 4.5, அதை 400,000 பெருக்கல் 0.21-ஆல் வகுத்தால் சுமார் 54 மைக்ரோஹென்றி. கிடைக்கும் மதிப்பு 56. ரிப்பிள் 0.2 ஆம்பியர், உச்சக் கரண்ட் 0.8 ஆம்பியர். சாச்சுரேஷன் கரண்ட் (இண்டக்டர் தன் வலுவை இழக்கத் தொடங்கும் கரண்ட்) 1.2 ஆம்பியருக்குக் குறையாத இண்டக்டராக எடுங்கள், ஏனென்றால் பல இண்டக்டர்களில் சூடேறும்போது அந்த எண் இறங்கும்.

சாதாரணமாக இதோடு இண்டக்டர் வேலை முடிந்தது என்பார்கள். டிம்மிங் வேண்டுமென்றால் இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

முதல் கேள்வி: கரண்டையே குறைத்து டிம் செய்தால், அதாவது அனலாக் டிம்மிங்கில், எதுவரை இறங்கலாம்? ரிப்பிள் 0.2 ஆம்பியர் என்பதால் சராசரி 100 மில்லிஆம்பியருக்குக் கீழே போனதும் ஒவ்வொரு சுற்றிலும் இண்டக்டர் கரண்ட் பூஜ்யத்தைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகு பல ஐசிகள் சராசரியைச் சரியாகப் பிடிப்பதில்லை. 100 என்பது 700-இல் 14 சதவீதம். இதோடு இன்னொரு இடைஞ்சலும் சேரும். கரண்டை அளக்கும் சென்ஸ் ரெசிஸ்டரில் முழு வெளிச்சத்தில் 200 மில்லிவோல்ட் விழுகிறது என்றால் 1 சதவீதத்தில் விழுவது 2 மில்லிவோல்ட், ஐசிக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயரின் ஆஃப்செட்டே (உள்ளார்ந்த சிறு பிழையே) அந்த அளவு இருக்கலாம். பக்கத்து பக்கத்தில் மாட்டிய இரண்டு விளக்குகள் முழு வெளிச்சத்தில் ஒரேமாதிரி இருந்துவிட்டு, டிம் செய்ததும் ஒன்று எரிவதும் ஒன்று அணைவதுமாக நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

இரண்டாவது கேள்வி: முழுக் கரண்டை வேகமாக ஆன்-ஆஃப் செய்து டிம் செய்தால், அதாவது பிடபிள்யூஎம் முறையில், எவ்வளவு குறுகிய துடிப்பைத் தரமுடியும்? 56 மைக்ரோஹென்றியில் கரண்ட் பூஜ்யத்திலிருந்து 0.7 ஆம்பியருக்கு ஏற, மிச்சமிருக்கும் 6 வோல்ட்டை வைத்துக்கொண்டு, சுமார் 6.5 மைக்ரோவினாடி ஆகும். பிடபிள்யூஎம் 1 கிலோஹெர்ட்ஸ் என்றால் 1 சதவீதத் துடிப்பின் நீளம் 10 மைக்ரோவினாடி, அதில் பாதிக்கு மேல் ஏறுவதற்கே போய்விடும். 3 கிலோஹெர்ட்ஸ் என்றால் துடிப்பு 3.3 மைக்ரோவினாடிதான், கரண்ட் ஏறத்தாழ பாதி உயரத்தோடு நின்றுவிடும்.

இப்போது இழுபறி புரிகிறதல்லவா? இண்டக்டரைப் பெரிதாக்கினால் ரிப்பிள் குறைந்து அனலாக் டிம்மிங் ஆழமாகப் போகும், ஆனால் கரண்ட் மெதுவாக ஏறுவதால் பிடபிள்யூஎம் கெடும். சிறிதாக்கினால் நேர்மாறு. ஒரே முறையில் 1 சதவீதம்வரை போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் இந்த இழுபறியில் மாட்டிக்கொள்வோம்.

3. இரண்டையும் கலந்து டிம் செய்யுங்கள்

100-லிருந்து 20 சதவீதம்வரை கரண்டைக் குறையுங்கள். 20-இல் கரண்ட் 140 மில்லிஆம்பியர், 100 என்ற எல்லைக்கு மேலேதான் இருக்கிறோம். அதற்குக் கீழே கரண்டை 140-லேயே நிறுத்திவிட்டு பிடபிள்யூஎம் தொடங்குங்கள். 1 சதவீதத்துக்கு இப்போது தேவைப்படும் டியூட்டி 5 சதவீதம், 3 கிலோஹெர்ட்ஸில் அது சுமார் 16.7 மைக்ரோவினாடி. கரண்ட் 140-க்கு ஏற ஆகும் நேரம் 1.3 மைக்ரோவினாடி. ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் ஆறேழு ஸ்விட்சிங் சுற்றுகள் தாராளமாக அடங்கும். அதே இண்டக்டர், அதே ஐசி, முன்பு எட்டாமல் போன இடம் இப்போது வசதியாகவே எட்டுகிறது. எனக்கு இந்த முறைமேல் தனிப் பிரியமே உண்டு. போதாக்குறைக்கு எல்இடிகள் குறைந்த கரண்டில் வாட்டுக்கு அதிக ஒளி தரக்கூடியவை, ஆகவே அனலாக் பகுதியில் திறனும் கூடுகிறது. கரண்ட் மாறும்போது வெள்ளையின் நிறம் லேசாக நகரும் என்பது ஒரு குறை. அறை விளக்கில் யாரும் கவனிக்கமாட்டார்கள், நிறத்துல்லியம் முக்கியமான படப்பிடிப்பு விளக்கு என்றால் முழுக்க பிடபிள்யூஎம் முறைக்குப் போங்கள். அங்கே எல்இடி வரிசைக்குக் குறுக்கே ஸ்விட்சாக ஒரு மாஸ்ஃபெட்டை (டிரான்சிஸ்டர் வகை) வைத்து, இண்டக்டர் கரண்டை நிறுத்தாமல் எல்இடியை மட்டும் ஷார்ட் செய்து திறக்கும் வழி இருக்கிறது. துடிப்பு மிகவும் கூர்மையாக வரும், ஆனால் எல்இடி அணைந்திருக்கும் நேரத்திலும் கரண்ட் சுற்றிக்கொண்டே இருப்பதால் கொஞ்சம் மின்சாரம் வீணாகும்.

3 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்ணுக்கும் காரணம் இருக்கிறது. ஒளித் துடிப்பு பற்றிய மின்பொறியாளர் அமைப்பான ஐட்ரிபிள்ஈயின் 1789 என்ற 2015-ஆம் ஆண்டுப் பரிந்துரையின்படி, முழுக்க அணைந்து எரியும் விளக்கு 1250 ஹெர்ட்ஸுக்கு மேல் இருந்தால் ஆபத்து குறைவு, 3000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருந்தால் கவனிக்கத்தக்க விளைவே இல்லை. 100, 200 ஹெர்ட்ஸில் டிம் செய்வது எளிது, ஐசிகளும் அதை ஏற்கும். ஆனால் அப்படிப்பட்ட விளக்கின் கீழே வேலை செய்யும் சிலருக்குத் தலைவலியும் கண்சோர்வும் வரும், கேமராவில் பட்டைகள் ஓடும். யாரோ தினமும் பல மணிநேரம் உட்காரப்போகும் இடத்துக்கு விளக்கு செய்கிறோம், அதில் சமரசம் வேண்டாம்.

ஐசி தேடும்போது, அனலாக், பிடபிள்யூஎம் இரண்டையும் ஏற்கிறதா என்று டேட்டாஷீட்டில் பாருங்கள். பழகிப்பார்க்க பிடி4115 என்ற ஐசி நல்ல தொடக்கம்: 6 முதல் 30 வோல்ட், 1.2 ஆம்பியர் வரை, 100 மில்லிவோல்ட் சென்ஸ், ஒரே டிம் காலில் இரண்டு வகை சிக்னலையும் தரலாம். அதன் ஸ்விட்சிங் வேகம் நிலையானதல்ல என்பதால் மேலே போட்ட கணக்கு அப்படியே பொருந்தாது, டேட்டாஷீட்டின் சூத்திரத்தைப் பயன்படுத்துங்கள்.

4. மைக்ரோகன்ட்ரோலர் பக்கம்

டிம் சிக்னலை ஐசிக்குத் தருவது மைக்ரோகன்ட்ரோலர். அதில் 8 பிட் பிடபிள்யூஎம் (256 படிகள்) வைத்துக்கொண்டு 1 சதவீதத்துக்குப் போனால் அங்கே இருப்பது இரண்டு மூன்று படிகள்தான். 2-லிருந்து 3-க்குப் போகும்போது வெளிச்சம் ஒன்றரை மடங்காகத் தாவும், கண்ணுக்கு அது படிக்கட்டாகவே தெரியும். 12 பிட் எடுங்கள். 3 கிலோஹெர்ட்ஸை 4096-ஆல் பெருக்கினால் சுமார் 12.3 மெகாஹெர்ட்ஸ், 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சாதாரண மைக்ரோகன்ட்ரோலரே சமாளிக்கும். நம் கலப்பு முறையில் 1 சதவீதம் என்பது சுமார் 205-ஆவது படி, ஒரு படி நகர்ந்தால் மாற்றம் அரை சதவீதம்தான்.

குமிழைத் திருப்பும் அளவை நேரடியாக டியூட்டியாக மாற்றாதீர்கள். அந்த அளவை 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண்ணாக வைத்து இரண்டால் அடுக்கினாலே, அதாவது அதை அதனாலேயே பெருக்கினாலே, கண்ணுக்குச் சீரான இறக்கம் கிடைக்கும். வெளியிலிருந்து கட்டுப்பாடு வருவதென்றால் 1 முதல் 10 வோல்ட் முறையும் டாலி என்ற டிஜிட்டல் விளக்குக் கட்டுப்பாட்டு முறையும் சிக்கல் இல்லாதவை. டாலியின் வளைவு ஏற்கெனவே கண்ணுக்கு ஏற்ற மடக்கை வளைவு, 0.1-லிருந்து 100 சதவீதம்வரை. சுவரில் இருக்கும் பழைய டிரையாக் டிம்மர் மட்டும் வேறு கதை. அது குண்டு பல்புக்காகச் செய்யப்பட்டது, தொடர்ந்து ஆன் நிலையில் நிற்க அதற்குக் குறைந்தபட்சக் கரண்ட் வேண்டும், எல்இடி அந்த அளவு இழுக்காதபோது நடுங்கும். முதல் டிரைவரில் அதைத் தொடவேண்டாம்.

5. மின்சாரம் எங்கே கசிகிறது

திறன் என்பது இழப்புகளை ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டுவதுதான். நம் டிரைவரில்: சென்ஸ் ரெசிஸ்டர் 0.2 வோல்ட் பெருக்கல் 0.7, 0.14 வாட். ஸ்விட்ச் அணைந்திருக்கும்போது கரண்டுக்கு வழிவிடும் ஷாட்கி டையோடு 0.4 வோல்ட்டில் கால்வாசி நேரம் மட்டும் கடத்துவதால் 0.07. மாஸ்ஃபெட் 0.1 ஓம் என்றால் 0.04. இண்டக்டர் கம்பியின் 0.15 ஓமுக்கு 0.07. ஆன்-ஆஃப் ஆகும்போது சேர்த்து 40 நானோவினாடி எடுத்தால் ஸ்விட்சிங் இழப்பு 0.13. ஐசி தனக்காக 3 மில்லிஆம்பியர் எடுத்தால் 0.07. மொத்தம் 0.52 வாட், திறன் 96 சதவீதம். இண்டக்டரின் கோர் இழப்பையும் சேர்த்தால் சற்று இறங்கும். இதே வேலையை லீனியர் ரெகுலேட்டர் செய்தால் 6 வோல்ட் பெருக்கல் 0.7, 4.2 வாட் சூடு.

ஆறு எல்இடிக்குப் பதில் இரண்டை மட்டும் கட்டிப் பாருங்கள். டையோடு முக்கால்வாசி நேரம் கடத்தும், அதன் இழப்பு 0.21 ஆகும். மற்றவை பெரிதாக மாறாது, ஆனால் வெளியே போவது 4.2 வாட் மட்டுமே. திறன் 87-க்கு இறங்கிவிடும். விலை உயர்ந்த மாஸ்ஃபெட் தேடுவதைவிட, எல்இடி வரிசையின் வோல்டேஜை உள்ளே வருவதற்கு அருகில் வைப்பது அதிகப் பலன் தரும். ஸ்விட்சிங் வேகத்தை 1 மெகாஹெர்ட்ஸாக ஏற்றி இண்டக்டரைச் சிறிதாக்கலாமே என்றும் தோன்றும். ஸ்விட்சிங் இழப்பு 0.34 வாட்டாக ஏறும், இடம் நெருக்கடி இல்லையென்றால் தேவையில்லை.

1 சதவீத வெளிச்சத்தில் எல்இடிக்குப் போவது 0.12 வாட், ஐசி எடுப்பது 0.07. திறன் 60 சதவீதத்தைச் சுற்றி நிற்கும். எண்ணைப் பார்த்துப் பதறவேண்டாம், வீணாவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அணைத்து வைத்திருக்கும் நேரத்தில் அடாப்டர் சும்மா இழுக்கும் மின்சாரத்தில்தான் கவனம் வேண்டும், அதை அளந்துபார்த்து வாங்குங்கள்.

6. போர்டு, சூடு

உள்ளீட்டு செராமிக் கெப்பாசிட்டர், ஸ்விட்ச், டையோடு மூன்றுக்கும் இடையே ஓடும் பாதை எவ்வளவு சிறிதாக இருக்கமுடியுமோ அவ்வளவு சிறிதாக இருக்கட்டும். ரேடியோ இரைச்சலில் பெரும்பகுதி அங்கிருந்துதான் கிளம்புகிறது. செராமிக்கை 50 வோல்ட் எக்ஸ்7ஆர் ரகமாக எடுங்கள், 25 வோல்ட் ரகத்தில் 24 வோல்ட் விழுந்தால் அதன் கொள்ளளவு பெருமளவு காணாமல் போய்விடும். சென்ஸ் ரெசிஸ்டரின் இரண்டு முனைகளிலிருந்தும் ஐசிக்குத் தனித்தனி மெல்லிய தடம் போகட்டும், அதில் வேறு கரண்ட் ஓடக்கூடாது. எல்இடிக்குக் குறுக்கே பெரிய கெப்பாசிட்டர் போடாதீர்கள். பிடபிள்யூஎம் துடிப்பின் விளிம்புகளை அது மழுங்கடிக்கும், செராமிக் என்றால் அந்த 3 கிலோஹெர்ட்ஸில் பாடவும் செய்யும்.

எல்இடிகளை அலுமினிய போர்டில் வைத்து ஹீட்சிங்கில் பொருத்துங்கள், 12.6 வாட்டில் பாதிக்கு மேல் சூடாகத்தான் வெளியேறும். போர்டில் எல்இடிக்குப் பக்கத்தில் ஒரு என்டிசி தெர்மிஸ்டர் (சூட்டை உணரும் ரெசிஸ்டர்) வைத்து, சூடு எல்லை தாண்டினால் மைக்ரோகன்ட்ரோலர் அனலாக் கரண்டைத் தானாகக் குறைக்கும்படி எழுதிவிடுங்கள். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் பயன்படுத்தினால் 105 டிகிரி ரகமாக எடுத்து சூடான இடத்திலிருந்து தள்ளிவையுங்கள். 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

7. பவர் கொடுக்கும் நாள்

எல்இடியை இணைத்த பிறகுதான் பவர் கொடுக்கவேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரில் எல்இடி கம்பியைச் சொருகினால், வெளியீட்டில் இருக்கும் சிறு கெப்பாசிட்டர்கூட 24 வோல்ட்டுக்கு ஏறி நின்று, தொட்ட நொடியில் மொத்தத்தையும் எல்இடிக்குள் கொட்டிவிடும். எல்இடி அப்போதே சாகாமல் சில வாரம் கழித்துச் சாகலாம், காரணம் கண்டுபிடிக்கவே முடியாது.

கரண்ட் லிமிட்டை 0.2 ஆம்பியருக்கு வைத்த பெஞ்ச் சப்ளையில், டிம்மிங்கை 20 சதவீதத்தில் வைத்துத் தொடங்குங்கள். அந்த நிலையில் 24 வோல்ட் பக்கம் 0.1 ஆம்பியர்போல இழுத்தால் போதும். சரியாக இருந்தால் லிமிட்டை உயர்த்தி மேலே போகலாம். எல்இடிக்குப் பதில் எலக்ட்ரானிக் லோடு வைப்பவர்கள் அதை நிலையான வோல்டேஜ் முறையில் வையுங்கள், நிலையான கரண்ட் முறையில் வைத்தால் அதுவும் டிரைவரும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். திறனை அளப்பது அனலாக் பகுதியில் எளிது: உள்ளே வோல்டேஜ், கரண்ட், வெளியே வோல்டேஜ், கரண்ட். பிடபிள்யூஎம் பகுதியில் மல்டிமீட்டரின் சராசரி எண்களைப் பெருக்கினால் தவறான வாட் வரும், உள்ளே போகும் பக்கத்தை மட்டும் நம்புங்கள்.

அப்புறம் ஆசிலோஸ்கோப்பைச் சென்ஸ் ரெசிஸ்டரில் வைத்து, வெளிச்சத்தை 1 சதவீதத்துக்கு இறக்கி, ஒவ்வொரு துடிப்பும் ஒரே அளவில் வருகிறதா என்று பாருங்கள். பிறகு 1-லிருந்து 100 வரை மெதுவாக ஏற்றி இறக்குங்கள், 20 சதவீத மாற்றுப்புள்ளியில் வெளிச்சம் துள்ளினால் அனலாக் அளவும் பிடபிள்யூஎம் அளவும் அங்கே பொருந்தவில்லை, மென்பொருளில் அந்த எண்ணைத் திருத்துங்கள். கடைசியாக முழு வெளிச்சத்தில் ஒரு மணிநேரம் ஓடவிட்டு இண்டக்டர், டையோடு, எல்இடி போர்டு மூன்றின் சூட்டையும் குறித்துக்கொண்டு, அந்தச் சூட்டோடே 1 சதவீதத்துக்கு மறுபடி இறக்கிப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் நன்றாக இருந்த துடிப்புகள் இப்போது சிறுத்தால், ஆஃப்செட் நகர்ந்திருக்கலாம், மாற்றுப்புள்ளியை 20-லிருந்து 25-க்கு உயர்த்துங்கள்.